அட்டிலா வீட்டு விருந்தாளி

கேள்வி: ஹூணர்களின் அட்டிலா, கோத் இனத்துத் தியடோரிக், பிராங்கியரின் சார்லமேன் என்று நிஜ மன்னர்களே பழங்கதைகளில் வருகிறார்கள். ஆள் உண்மை என்றால் கதையும் நடந்ததுதானே? நெருப்பில்லாமல் புகையுமா? பிரிட்டனின் ஆர்தர் மன்னர் விஷயத்தில் மட்டும் வரலாற்றாசிரியர்கள் ஏன் இத்தனை முரண்டு பிடிக்கிறார்கள்?

பதில்: புகையாதுதான். ஆனால் எரிந்தது வைக்கோல்போரா வீடா என்று புகையிடம் கேட்டால் சொல்லுமா?

நீங்கள் குறிப்பிட்டவர்களையே எடுத்துக்கொள்வோம். 1200-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஜெர்மானியக் காவியம் 'நிபெலுங்கன்லீட்'. அதில் அட்டிலாவின் பெயர் எட்சல். தியடோரிக்கின் பெயர் டீட்ரிஷ். நாட்டை இழந்த டீட்ரிஷ், எட்சலின் அரண்மனையில் அடைக்கலமாக இருக்கிறார். நிஜத்தில் அட்டிலா இறந்தது 453-இல். தியடோரிக் பிறந்தது ஏறக்குறைய 454-இல். விருந்தாளி தொட்டிலுக்கு வருமுன்பே வீட்டுக்காரர் பாடையேறிவிட்டார்.

காலக் குழப்பத்தைக்கூட மன்னித்துவிடலாம். தியடோரிக் எந்த நாட்டை இழந்தாராம்? 489-இல் இத்தாலிக்குள் படையோடு புகுந்தவர் அவர். அங்கே ஆண்டுகொண்டிருந்த ஒடோவாக்கருடன் சமாதானம் பேசி, 493-இல் ரவென்னாவில் விருந்து வைத்து, அந்த விருந்திலேயே அவரைத் தன் கையால் வெட்டிக் கொன்றார். கதை மரபிலோ இத்தாலி தியடோரிக்கின் பிதுரார்ஜிதச் சொத்து. அந்த மரபின் மிகப் பழைய பாடலில், ஒடோவாக்கரின் பகைக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடுகிறவரே அவர்தான்! வெட்டுப்பட்டவர் கொடுமைக்காரர், வெட்டியவர் அகதி. ஜெயித்தவரின் பேரப்பிள்ளைகள் சொன்ன கதை வேறு எப்படி இருக்கும்?

உங்கள் நெருப்பு இதில் அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். தியடோரிக்கின் தந்தை தியடெமிர் அட்டிலாவின் படையில் நின்று போரிட்டவர். அப்பன் சேவகம் செய்த வாசலில் மகனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது கதை. ஆனால் அந்தத் தந்தையைப் பற்றி நமக்குத் தெரிவது காவியத்தால் அல்ல. 6-ஆம் நூற்றாண்டில் யோர்தானஸ் என்ற வரலாற்றாசிரியர் லத்தீனில் எழுதிவைத்ததால். வெளிச்சாட்சி வந்த பிறகுதான் கதைக்குள் எது பொறி, எது புகை என்று பிரிக்கவே முடிகிறது.

சார்லமேன் கதையும் இப்படித்தான். 778-இல் பிரனீஸ் மலைக் கணவாயில் அவருடைய பின்படையைத் தாக்கியவர்கள் பாஸ்க் மக்கள். 'ரோலண்டின் பாடல்' என்ற பழைய பிரெஞ்சுக் காவியத்தில் அவர்கள் சாரசேனியராக, அதாவது முஸ்லிம்களாக, ஆகிவிட்டார்கள். அப்போது முப்பதுகளில் இருந்த சார்லமேனுக்கு அந்தப் பாடலில் வெள்ளைத் தாடி, வயது இருநூறுக்கு மேல்.

இனி ஆர்தர். பிரிட்டன் மக்கள் சாக்ஸன்களை வென்ற பேடன் போரைப் பற்றி எழுதிய கில்டாஸ் என்ற துறவி அந்தப் போர் நடந்த தலைமுறைக்கு நெருக்கமானவர். அவர் நூலில் ஆர்தர் என்ற பெயரே இல்லை. அந்தப் போரில் ஆர்தரைக் கொண்டுவந்து நிறுத்துவது, ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு கழித்து, 830-ஐ ஒட்டி வந்த 'ஹிஸ்டோரியா பிரிட்டோனும்' என்ற லத்தீன் வரலாற்று நூல். ஒரே நாளில், ஒரே பாய்ச்சலில், தனியாளாக 960 பேரை அவர் வீழ்த்தினாராம். 959 இல்லை, 961 இல்லை. கூட நின்று எண்ணியவர் யாரென்று கண்டுபிடித்து எழுதுங்கள். அடுத்த இதழிலேயே போட்டுவிடுகிறேன்.