பொரியலைக் கண்டால் ஓடும் பிள்ளை: குறை நாக்கிலா, வாணலியிலா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. எடை 16 கிலோ, உயரம் 106 செ.மீ. ரசம் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் தவிர எதையும் தொடுவதில்லை. பீன்ஸ் ஊட்டினால் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். கேரட்டைத் துருவி தோசை மாவில் கலந்து பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டான், இப்போது தோசையே வேண்டாம் என்கிறான். மாமியார் செல்போனைக் காட்டி ஊட்டினால் நாலு வாய் இறங்குகிறது. என் கணவரும் காய் சாப்பிட மாட்டார். நான் என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: எடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் பயத்தில் பாதி அதுதான் என்று தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து வயதுப் பையனின் நடுத்தர எடை சுமார் 18 கிலோ. 14 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். 16 கிலோ பையன் ஒல்லியாகத் தெரியலாம், ஆனால் நோஞ்சான் இல்லை. பசியைத் தூண்டும் டானிக் எதுவும் வாங்க வேண்டாம்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவைக் கண்டு மிரள்வது பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கிறது. ஒன்றரை வயதில் பூசணிக்காயை வழித்துத் தின்ற குழந்தை மூன்று வயதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தவிரவும், கசப்பு பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகத் தெரியும். அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. கூட இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பின்னால் தெரியவந்தது. அந்தப் பொடியின் சாயல் கொண்ட பொருள்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவற்றில் இருக்கின்றன. அதனால் உங்கள் மகன் முட்டைக்கோஸ் கசக்கிறது என்றால் பொய் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு நிஜமாகவே கசக்கலாம். அவன் அப்பாவுக்கும்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பையன் 'காய்' என்ற ஒரு பொருளை வெறுக்கவில்லை. பிள்ளைகள் 'பிடிக்கலை' என்ற ஒரே சொல்லில் மூன்று நான்கு புகார்களை அடைத்துவிடுவார்கள். வெண்டைக்காய் என்றால் கொழகொழப்பு, பீன்ஸ், அவரை என்றால் நார், முட்டைக்கோஸ் என்றால் நாற்றம், கத்திரிக்காய் என்றால் வழவழக்கும் தோல். பீன்ஸை அதக்கி வைத்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அடம் இல்லை. மென்று மென்று சக்கையாகிவிட்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பினால் திட்டு விழும். அவன் வேறென்ன செய்வான்? எந்தக் காய்க்கு எந்தப் புகார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாதி வேலை அடுப்பில் முடிந்துவிடும்.

வெண்டைக்காயையே எடுத்துக்கொள்வோம். அதன் கொழகொழப்பு தண்ணீர் பட்டால் பெருகும். அதனால் நறுக்கிய பிறகு கழுவவே கூடாது. முழுக்காயாகக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் சிறிது நேரம் பரப்பிவிடுங்கள். பிறகு அரை அங்குலத் துண்டுகள். அகலமான இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் நன்றாகக் காய்ந்ததும், ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் போடுங்கள். மூடி போட வேண்டாம், ஆவி திரும்ப விழுந்தால் மறுபடி கொழகொழக்கும். உப்பும் இப்போது வேண்டாம், அது காயிலிருக்கும் நீரை வெளியே இழுக்கும். நூல் நூலாக வருவது நிற்கும்வரை பொறுத்திருந்து, ஒரு ஸ்பூன் புளிக்கரைசலோ கெட்டித் தயிரோ விட்டுச் சுருளக் கிளறி, இறக்கும்போது உப்பு. இதே காயை நீளவாக்கில் மெல்லிசாகக் கீறி, கடலை மாவும் அரிசி மாவும் தூவிப் பிசிறி மொறுமொறுவென்று வதக்கினால் வறுவல் பிரியனான உங்கள் மகனுக்கு அது உருளைக்கிழங்கின் சித்தப்பா பிள்ளைபோலத் தெரியும். அங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

பீன்ஸுக்குப் பருப்பு உசிலியை மிஞ்சிய வைத்தியம் எனக்குத் தெரியாது. இரு பக்க நாரையும் உரித்து, குறுக்கே பொடிப்பொடியாக நறுக்கினாலே நார் வாயில் நீளாது. ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்த துவரம்பருப்பை ஆவியில் வேகவைத்து உதிர்த்துச் சேர்த்தால் புரதமும் சேர்ந்துவிடும். முட்டைக்கோஸ் வேக வேக அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாற்றத்தைக் கிளப்பும். மெல்லிசாகச் சீவி, பெரிய தீயில், தண்ணீர் தெளிக்காமல் ஐந்தே நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். பல வீடுகளில் குக்கரில் மூன்று விசில் விட்டுவிட்டு, பிள்ளை மூக்கைப் பொத்துகிறது என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். பாகற்காயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பெரியவர்களே புளியும் வெல்லமும் போட்டு ஏமாற்றித்தான் சாப்பிடுகிறோம். சில பிள்ளைகள் வெந்த காயைத் தொடாவிட்டாலும் பச்சையாகத் தின்பார்கள். வெள்ளரித் துண்டும், எலுமிச்சை பிழிந்த கேரட் துருவலும் கொடுத்துப் பாருங்கள். கேரட்டின் கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், தேங்காய்ப்பூ தூவினால் போதும்.

சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ மூன்றும் மென்மையானவை, கூட்டாக வைத்தால் பழக்கத் தோதானவை. ஆனால் சுரைக்காயை நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. பிள்ளை கசக்கிறது என்றால் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகவும்தான்.

தோசைக்கு வருவோம். காயை ஒளித்துக் கொடுப்பதை நான் முழுக்க எதிர்க்கவில்லை, அடையில் முருங்கைக்கீரை போடாத தமிழ் வீடு உண்டா? ஆனால் அடையில் கீரை இருப்பது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் இல்லை என்று சொல்லிக் கொடுத்தீர்கள், மாட்டிக்கொண்டீர்கள். இப்போது அவன் சந்தேகப்படுவது கேரட்டை இல்லை, உங்களை. இரண்டு வாரம் வெறும் வெள்ளைத் தோசை போடுங்கள். பிறகு அவன் கையிலேயே ஒரு கிண்ணத்தில் கேரட் துருவலைக் கொடுத்து, கல்லில் ஊற்றிய மாவின்மேல் தூவச் சொல்லுங்கள். நாலு இழை தூவினால்கூடப் போதும். அடுப்பை ஒட்டி அவனைத் தனியே நிற்கவிடாதீர்கள், நீங்களே தூக்கிப் பிடித்துக்கொண்டு தூவவிடுங்கள்.

அடுத்து செல்போன். வீடியோ பார்த்துக்கொண்டு விழுங்கும் பிள்ளைக்கு வாயில் போனது என்ன என்பதே தெரியாது. அதனால் எத்தனை நாள் ஊட்டினாலும் அந்தச் சுவை பழகாது. ஒரு காயை ஏற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அதைச் சந்திக்க வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். சுண்டுவிரல் நகமளவு ஒரே ஒரு துண்டு, தட்டின் ஓரத்தில், எதுவும் சொல்லாமல். தொட்டாலும் சரி, முகர்ந்தாலும் சரி, அப்படியே விட்டாலும் சரி. 'காயைச் சாப்பிட்டால் சாக்லேட்' என்ற பேரமும் வேண்டாம். லீயான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு காட்டிக் குடிக்கவைத்த பானத்தின் மீது பிள்ளைகளுக்கு விருப்பம் கூடவில்லை, குறைந்தது. லஞ்சம் கொடுத்தால்தான் நடக்கும் என்றால் அது நல்ல பொருளாக இருக்காது என்று பிள்ளைக்கும் தெரியாதா?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த ஒரு பாகப்பிரிவினை உண்டு: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் கையில், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை கையில். நம் வீடுகளில் இதைத் தலைகீழாக நடத்துகிறோம். என்ன வேண்டும் என்று அவனைக் கேட்டுச் சமைக்கிறோம், எவ்வளவு என்பதை நாம் திணிக்கிறோம். தட்டில் அவனுக்குப் பிடித்த ஒன்று எப்போதும் இருக்கட்டும், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இருபது நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். மாமியாரிடம் 'போனைக் காட்டாதீங்க அத்தை' என்று மட்டும் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பதிலுக்கு வேறு வேலை கொடுங்கள். கீரை ஆயவும் அவரைக்காய் நார் உரிக்கவும் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளட்டும். கையில் பிசுபிசுத்துப் பழகிய காய் வாய்க்கும் சீக்கிரம் பழகும்.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். சார், நாலு துண்டு போதும். ரசித்துச் சாப்பிடுவதாக நடிக்க வேண்டாம், முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் சரி. பிள்ளைகள் பக்கத்து இலையைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பார் கொடுக்கிறார்கள். வீட்டில் சாம்பாரிலிருந்து காயைப் பொறுக்கிப் போடும் பிள்ளை அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறது என்று வியக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்? அரை லிட்டருக்கு மேல் போனால் குறையுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். பசி வராத வயிற்றிடம் எந்த உசிலியும் எடுபடாது. பால் மிகுந்து மற்ற உணவு குறைந்தால் இரும்புச்சத்தும் குறையும். ஒருமுறை ஹீமோகுளோபின் பாருங்கள், அவன் வயதுக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மண், சாக்பீஸ், பச்சரிசி தின்றாலும், மலம் இறுகிக் கஷ்டப்பட்டாலும், எடை குறைந்துகொண்டே வந்தாலும், ஏற்கெனவே சாப்பிட்ட உணவுகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாலும், சில பதங்கள் வாயில் பட்டாலே குமட்டினாலும் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அவை சமையலறையில் தீர்கிறவை இல்லை.

நிறத்தைப் பார்த்து மயங்கும் பிள்ளை என்றால் பீட்ரூட்டையும் முயன்று பாருங்கள், எலுமிச்சை பிழிந்தால் அதன் மண்வாசனை அடங்கும். மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பதறிக்கொண்டு ஓட வேண்டாம், பீட்ரூட் தின்ற சிலருக்கு அப்படிப் போவதுண்டு.