பிசிக்ஸ் படித்தால் பிழைப்பு நடக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். மார்க் நன்றாக வருகிறது. இன்ஜினியரிங் வேண்டாம், பிசிக்ஸ் படித்து விஞ்ஞானி ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கு மளிகைக் கடை. அடுத்து மகனும் படிக்க வேண்டும். ஆராய்ச்சியை நம்பி அனுப்பலாமா? - நாமக்கல் வாசகர்

பதில்: அனுப்பலாம். ஆனால் எத்தனை வருஷம் ஆகும், அந்த வருஷங்களில் கையில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இது தெரியாத வீடுகளில்தான் பெண்ணுக்கு இருபத்தைந்து ஆனதும் "இன்னும் என்ன படிப்பு?" என்று ஆரம்பிக்கிறது.

முதலில் மகளிடம் ஒன்று கேளுங்கள். விஞ்ஞானி என்றால் ராக்கெட்டா? அப்படியென்றால் இன்ஜினியரிங்தான் நேர்வழி. இஸ்ரோவின் விஞ்ஞானி பணியிடங்களில் பெரும்பாலானவை மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான். அப்துல் கலாமே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்தபின், குரோம்பேட்டை எம்ஐடியில் விமானப் பொறியியல் படித்துத்தான் அந்தப் பக்கம் போனார்.

இல்லை, பிசிக்ஸ்தான் வேண்டும் என்கிறாளா? சரி, கணக்குப் பார்ப்போம். எம்எஸ்சி முடிக்க 22 வயது. பிஎச்டிக்கு ஐந்தாறு வருஷம். அப்புறம் போஸ்ட்டாக் என்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், இரண்டு முதல் ஐந்து வருஷம். நிரந்தர வேலை கைக்கு வரும்போது முப்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணப் பேச்சும் இதற்கு நடுவில்தான் வரும். அதை இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

பணம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை. போர்டு தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அறிவியல் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு, மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருஷத்துக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கானது. பிஎச்டியின்போது, தேசிய அளவிலான நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. ஹாஸ்டல் இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. ஆக, அதற்குப்பின் உங்கள் கல்லாவில் கைவைக்க மாட்டாள். ஆனால் தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். தம்பியின் ஃபீஸை இவள் கட்டுவாள் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம்.

உண்மையான மைனஸ், நிச்சயமின்மை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிசிக்ஸில் பிஎச்டி முடித்து, உயிரியலுக்கு மாறி, போஸ்ட்டாக்கும் செய்தார். அமெரிக்காவில் ஏறக்குறைய ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. 2009-ல் நோபல் வாங்கியவருக்கே இந்தக் கதை. இன்னொன்று, வழிகாட்டிப் பேராசிரியர். கைடு சரியில்லை என்றால் ஐந்து வருஷம் எட்டாக இழுக்கும். சேரும் முன் அவரிடம் படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சீனியர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும். அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட நான் இதைத்தான் நம்புவேன்.

வேலை எப்படி இருக்கும்? காற்றை உறிஞ்சி வெளியேற்றிய வெற்றிடக் கலத்தில் எங்கோ கசிவு. ஒவ்வொரு இணைப்பாக ஹீலியம் வாயுவைப் பீய்ச்சி, மீட்டரில் முள் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்தே ஒரு வாரம் ஓடிவிடும். இதில் அலுத்துப்போகாமல், கசிவைக் கண்டுபிடித்த அன்று துள்ளிக் குதிப்பவர்கள் இந்தத் துறையில் தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது, உலகத்தில் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியைச் சம்பளம் வாங்கிக்கொண்டே துருவும் வாழ்க்கை. வேறெந்த வேலையிலும் இது லேசில் வாய்க்காது.

உங்கள் மகள் எந்த ரகம் என்று அவளுக்கே இப்போது தெரியாது. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஏதாவது ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெல்லோஷிப் இதற்கென்றே இருக்கிறது. பிடிக்கவில்லை என்றாலும் படிப்பு வீணாகாது. எம்எஸ்சியோடு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். கல்பாக்கத்திலும் அதன் பயிற்சி நடக்கிறது. நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முயலலாம், ஆனால் நிரந்தரப் பணியிடம் கிடைக்கும்வரை கௌரவ விரிவுரையாளராகவே காலம் போகிறவர்கள் நம்மூரில் ஏராளம். புரோகிராமிங் தெரிந்தால் டேட்டா வேலைகளும் உண்டு.

எங்கே சேர்ப்பது? ஆய்வகமே இல்லாத கல்லூரியில் பிஎஸ்சி சேர்ப்பதானால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அறிவியல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் என்றே மத்திய அரசு நடத்தும் ஐசர் நிறுவனங்கள் நாட்டில் ஏழு. நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து வருஷ பிஎஸ்-எம்எஸ் படிப்பு, சேர ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. அதில் 60 கேள்விகள். உயிரியலிலும் 15 உண்டு. கம்ப்யூட்டர் குரூப் பிள்ளைகள் கோட்டைவிடுவது அங்கேதான். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்சிஇஆர்டி உயிரியல் புத்தகங்களை இப்போதே வாங்கிக் கொடுங்கள். விண்ணப்பம் மார்ச், ஏப்ரல் வாக்கில், போர்டு தேர்வுப் பரபரப்புக்கு நடுவில் வரும். தேதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.