வீட்டு வளவில் கூடைப்பந்துத் திடல் போடலாமா?

கிளிநொச்சியில் ஒரு பரப்புக் காணி வெறுமனே கிடக்கிறது, பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துத் திடல் போட அது காணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காணும். முழுத் திடல் 28க்கு 15 மீற்றர், வீட்டுக்குப் பாதி போதும், அது 210 சதுர மீற்றர்; ஒரு பரப்பு ஏறக்குறைய 253.

நிலம்தான் முக்கியம். செம்மண் என்றால் கவலை குறைவு. வயல் பக்கத்துக் களிமண் மாரியில் ஊதி, கோடையில் விரல் போகிற அளவுக்கு வெடித்து, மேலே போட்ட கொங்கிரீட்டையும் சேர்த்துப் பிளந்துவிடும், அதனால் ஓரடியாவது வெட்டி எடுத்துவிட்டுக் கிரவல் கொட்டி, தண்ணீர் அடித்து, உருளை விட்டு இறுக்குங்கள். அப்புறம் நாலு அங்குலக் கொங்கிரீட், ஒரு பக்கமாக மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு. மேசன் நூல் கட்டும்போதே பக்கத்தில் நின்று இந்தச் சரிவைப் பாருங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை மழைக்கு நடுத்திடலில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்து, ஓடுகிற பிள்ளை வழுக்கி விழும். ஐப்பசியிலிருந்து தை வரை கொங்கிரீட் வேலையே வேண்டாம். மாசி, பங்குனியில் போட்டு, ஈரச் சாக்கு விரித்து ஒரு கிழமை காயவிடாமல் வைத்திருங்கள், அந்த வெயிலுக்கு இது கட்டாயம்.

வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் வரவேண்டும், சின்னப் பிள்ளைகள் என்றால் 2.60 போதும். கம்பத்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே நட்டு, பலகையை 1.2 மீற்றர் உள்ளே நீட்டிக் கட்டுங்கள். ஓடி வந்து மோதுவது அந்தக் கம்பத்தில்தான், பழைய மெத்தைப் பஞ்சையாவது சுற்றிவிடுங்கள்.