அக்காவுக்கு எம்.எஸ். இருக்கிறது, நான் டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (எம்.எஸ்.) என்ற, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய் இருக்கிறது. இதற்கான மரபணு 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மேய்ச்சல்காரர்களிடமிருந்து வந்ததாகப் படித்தேன். மூதாதையரைக் காட்டும் டிஎன்ஏ பரிசோதனை செய்தால், எனக்கும் வருமா என்று தெரிந்துவிடுமா?

பதில்: இல்லை, அந்தப் பரிசோதனையில் அது தெரியாது. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் படித்தது 2024 ஜனவரியில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வாக இருக்கும். பழைய பற்கள், எலும்புகளிலிருந்து எடுத்த 1,600க்கும் மேற்பட்டவர்களின் டிஎன்ஏவை, இன்றைய பிரிட்டனில் வாழும் சுமார் 4 லட்சம் பேருடைய டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். எம்.எஸ். ஆபத்தைக் கூட்டும் முக்கியமான மரபணு வடிவம், கருங்கடலுக்கு வடக்கே புல்வெளிகளில் ஆடு மாடு மேய்த்த யம்னாயா மக்களிடையே பெருகி, அவர்கள் மேற்கே நகர்ந்தபோது வட ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. தெற்கைவிட அங்கே எம்.எஸ். அதிகமாக இருப்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

சரி, நோய் தரும் ஒன்று ஏன் பெருக வேண்டும்? விலங்குகளோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்குத் தொற்றுகளை எதிர்க்க அது கைகொடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால்களிடமிருந்து நமக்கு வந்த ஒரு டிஎன்ஏ துண்டும் இப்படித்தான்: கோவிட்டைக் கடுமையாக்குகிறது, எச்ஐவி தொற்றும் வாய்ப்பையோ குறைக்கிறது. ஆகவே அக்காவிடம் இருப்பது 'கெட்ட மரபணு' என்று நினைக்காதீர்கள். அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இது ஒரு மக்கள்கூட்டத்தின் கதை. தனி ஆளின் ஜாதகத்தை அதில் பார்க்க முடியாது. அந்த மரபணு வடிவம் ஒன்று இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்காகிறது. இருந்தும், அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வருவதே இல்லை. உங்களைப் பற்றி அதிகம் சொல்வது, அக்காவுக்கு நோய் இருக்கிறது என்ற தகவல்தான். எம்.எஸ். உள்ளவரின் உடன்பிறந்தவர்களில் 100க்கு 2 அல்லது 3 பேருக்கு அது வருகிறது. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

மிச்சத்தை வாழ்க்கைச் சூழல் தீர்மானிக்கிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களிடமும் இருப்பதால் அதைப் பற்றி நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. புகைபிடிப்பது உங்கள் கையில் இருக்கிறது. பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, கை காலில் மரத்துப்போன உணர்வு ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அக்காவுக்கு எம்.எஸ். இருப்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.