உலகம் முழுமைக்கும் ஒரே பேடண்ட் உண்டா?

கேள்வி: கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் ஒன்றுக்கு, 2025 செப்டம்பர் 10 அன்று என் பெயரில் இந்தியாவில் ப்ரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஜெர்மனி, அமெரிக்காவிலும் உரிமை வேண்டும். ஒரே தொகைக்கு ‘உலக பேடண்ட்’ வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா? ஜெர்மனியில் நடக்கும் கண்காட்சியில் சீலை வைக்கலாமா?

பதில்: உலக பேடண்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. தயவுசெய்து அவருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இருப்பது பிசிடி என்ற சர்வதேச ஒப்பந்தம். இந்தியா 1998-இல் அதில் சேர்ந்தது. அதன்கீழ் ஒரு விண்ணப்பம் போட்டால், உறுப்பு நாடுகளில் உங்கள் தேதி காப்பாற்றப்படும், அவ்வளவுதான். உரிமை தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அலுவலகத்தின் கையில்.

பிசிடி விண்ணப்பம் போட உங்களுக்குக் கெடு, ப்ரொவிஷனல் போட்டதிலிருந்து 12 மாதம், அதாவது 2026 செப்டம்பர் 10. இந்தியாவில் கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கவும் அதே நாள்தான் கடைசி. இரண்டையும் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். கடைசி வாரத்தில் அவசரமாக எழுதிய கிளெய்ம்களை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்களை) வைத்துக்கொண்டு பிற்பாடு அல்லாடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, செலவு. பிசிடி விண்ணப்பக் கட்டணம் 1,330 சுவிஸ் ஃப்ராங்க். ஆனால் இந்தியாவில் வசிக்கும் இந்தியத் தனிநபருக்கு அதில் 90 சதவீதம் தள்ளுபடி உண்டு. இதே போன்றது முன்பே உண்டா என்று தேடிச் சொல்லும் தேடல் அறிக்கைக்கு இந்திய அலுவலகத்தையே தேர்ந்தெடுத்தால் தனிநபருக்கு 2,500 ரூபாய். கம்பெனி ஒன்று கூட்டு விண்ணப்பதாரராக இருந்தாலே அந்த 90 சதவீதம் போய்விடும். ஏஜென்ட் கட்டணம் தனி.

பெரிய பணம் அப்புறம்தான். பிசிடிக்குப் பின் அந்தந்த இடத்தில் விண்ணப்பத்தைத் தொடர, ப்ரொவிஷனல் தேதியிலிருந்து அமெரிக்காவுக்கு 30 மாதம், அதாவது 2028 மார்ச் 10. ஜெர்மனிக்கும் உரிமை தரும் ஐரோப்பிய பேடண்ட் அலுவலகத்துக்கு 31 மாதம், ஏப்ரல் 10. அங்கே ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர் வழக்கறிஞர், அரசுக் கட்டணம், ஆய்வாளரின் ஆட்சேபங்களுக்குப் பதில் என்று லட்சங்கள் கரையும். சிறு நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் அமெரிக்காவில் அரசுக் கட்டணத்தில் 60 சதவீதச் சலுகை இருக்கிறது. வழக்கறிஞர் பில்லில் அது வராது. அதனால் பிசிடி வாங்கித் தரும் அந்தப் பதினெட்டு மாதத்தில் வாங்குபவரையோ லைசென்ஸ் எடுப்பவரையோ தேடுங்கள். தேடல் அறிக்கையும் அதற்குள் வந்துவிடும். அது பாதகமாக இருந்து, ஆளும் கிடைக்காத நாட்டில் பணத்தைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

கண்காட்சிக்குத் தாராளமாகப் போகலாம், ஒரு நிபந்தனையோடு. ப்ரொவிஷனலில் எழுதியதற்கு மட்டுமே உங்கள் 2025 செப்டம்பர் 10 தேதி பொருந்தும். பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. ரப்பரை மாற்றியிருப்பீர்கள், ஸ்பிரிங் சேர்த்திருப்பீர்கள். அதை முதலில் கண்காட்சியில் காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் ஐரோப்பாவில் அது புதியதல்ல என்றாகி உரிமை போய்விடும். வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்கா தரும் ஓராண்டுச் சலுகை அங்கே இல்லை. மாற்றம் ஏதாவது செய்திருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே இன்னொரு ப்ரொவிஷனல் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய்தான்.