பெங்களூரில் சிங்கிள் மால்ட் விஸ்கி ஆலையைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

பளபளக்கும் செப்புக் கொப்பரை முன்னால் படம் எடுப்பதிலேயே பலருக்குப் பாதி நேரம் போய்விடும். பெங்களூர் விஸ்கியின் சூட்சுமம் இருப்பது பீப்பாய்க் கிடங்கில். அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழைய கை அம்ருத். 1948-ல் தொடங்கிய நிறுவனம். ஆலை மைசூர் சாலையில், கெங்கேரி தாண்டி கம்பிபுராவில். தன் சிங்கிள் மால்ட்டை (முளைகட்டிய பார்லியில் மட்டும், ஒரே ஆலையில் காய்ச்சிய விஸ்கி) 2004-ல் முதலில் இறக்கியது கிளாஸ்கோவில்! மெட்ரோ பர்ப்பிள் லைனில் செல்லகட்டா வரை போய் ஆட்டோ பிடிக்கலாம். எந்த ஆலையானாலும் முன்பதிவு செய்யாமல் வாசலில் போய் நிற்காதீர்கள். சென்ட் அடிக்க வேண்டாம், மோந்து பார்ப்பதை அதுவே கெடுக்கும். காய்ச்சும் கூடத்தில் போனை அணைக்கச் சொன்னால் முனகாமல் அணையுங்கள். அங்கே காற்றில் ஆல்கஹால் ஆவி, ஒரு பொறி போதும்.

மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, நைஸாக அரைக்க மாட்டார்கள். உமி முழுசாக இருந்தால்தான் அதுவே வடிகட்டியாகும். இல்லாவிட்டால் கூழாகி அடைத்துக்கொள்ளும். அதில் ஊற்றும் முதல் வெந்நீர் சுமார் 64 டிகிரி. சூடு ஏறினால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துவிடும். வடித்த இனிப்பு நீரை ஆறவைத்து ஈஸ்ட் போட்டால் 7 முதல் 9 சதவீத ஆல்கஹால் உள்ள ஊறல் கிடைக்கும். 'எத்தனை மணி நேரம் ஊறுகிறது?' என்று கேளுங்கள். 48 மணியில் முடித்தால் தானிய வாசம் தூக்கலாக இருக்கும். 70, 80 என்று போனால் பழவாசம் வரும்.

காய்ச்சுவது இரண்டு தடவை. இரண்டாவதில் தலை, நடு, வால் என்று பிரிப்பார்கள். தலை மூக்கைத் துளைக்கும், வாலில் ஈர அட்டை வாடை. விஸ்கியாகப் போகும் நடுப்பகுதியை எந்த ஆல்கஹால் சதவீதத்தில் தொடங்கி எதில் நிறுத்துகிறார்கள் என்று கேட்டால், வழிகாட்டியே உங்களை வேறு மாதிரி பார்ப்பார்.

இனி கிடங்கு. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும். இங்கே 10 முதல் 12. 200 லிட்டர் ஊற்றி ஐந்து வருடம் வைத்தால் மிஞ்சுவது 110 லிட்டர் சொச்சம். வெயில் ஏற ஏறச் சாராயம் மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவதால் நிறமும் சுவையும் சீக்கிரம் இறங்கிவிடுகின்றன. ரொம்ப நாள் விட்டால் மரக்கசப்பு. 12 வருட லேபிளைத் தேடாதீர்கள், வயது குறைவென்று மட்டமாக எண்ணவும் வேண்டாம். ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். இந்த இழப்பைக் கிண்டலடித்துத்தான் அம்ருத் ஒரு விஸ்கிக்கு 'க்ரீடி ஏஞ்சல்ஸ்' (பேராசை பிடித்த தேவதைகள்) என்றே பெயர் வைத்தது.

ருசி பார்க்கும்போது வாயை லேசாகத் திறந்தபடி மோந்து பாருங்கள், மூக்கு எரியாது. பீப்பாயிலிருந்து நேராக எடுத்ததில் ஆல்கஹால் 60 சதவீதம்கூட இருக்கும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பீட் (சதுப்பு நிலக் கரி) புகை போட்டது கடைசியில்தான், முதலில் குடித்தால் மற்றதெல்லாம் சப்பென்றாகிவிடும். இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வண்டி எடுக்காதீர்கள்: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு.