கிளினிக்குக்கு ஏற்ற சின்ன ஸ்கேனர்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: எம்ஆர்ஐ ஏன் இவ்வளவு பெரிசு? சின்னதாக்க முடியாதா?

ஆக்கியாயிற்று. வழக்கமான இயந்திரத்தின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). அதற்கு மீக்கடத்திச் சுருள், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பிச் சுருள் வேண்டும். சுருளை மைனஸ் 269 டிகிரியில் வைக்கத் திரவ ஹீலியம் வேண்டும். சுற்றிலும், வெளி ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் கவச அறை. 2020இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்ற ஹைப்பர்ஃபைன் ஸ்வூப் என்ற சின்ன எம்ஆர்ஐ 0.064 டெஸ்லாதான். நிலைக்காந்தம், சாதாரண பிளக், நோயாளியின் படுக்கைக்கே போய்விடும். ஆனால் தலைக்கு மட்டும். 2024இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் 0.05 டெஸ்லாவில் முழு உடலையும் படமெடுத்துக் காட்டினார்கள், கவச அறை இல்லாமலே.

காந்தப்புலம் குறைந்தால் உடலிலிருந்து வரும் சமிக்ஞை அதைவிட வேகமாகச் சரியும். மேலும் 0.064 டெஸ்லாவில் நாம் கேட்கும் அந்த ரேடியோ சமிக்ஞையின் அலைவரிசை சுமார் 2.7 மெகாஹெர்ட்ஸ், பக்கத்து அறைச் சார்ஜரின் இரைச்சல்கூட அங்கே வந்து விழும். வெளி இரைச்சலைத் தனி ஆன்டெனாவில் பிடித்து, கணக்குப் போட்டுக் கழிக்கிறார்கள். மூளையில் நீர் கோத்தது, பெரிய ரத்தக்கசிவு தெரியும். பொடிக்கட்டி தெரியும் என்று நம்பாதீர்கள்.

கே: முதலில் எதை வாங்கலாம்?

கையடக்க அல்ட்ராசவுண்ட். கை பழக வேண்டும், அவ்வளவுதான். வாங்குமுன் பழுது பார்ப்பது யார் என்று கேளுங்கள்.

கே: சிடி?

எக்ஸ்ரே குழாய்க்குப் போகும் மின்சாரத்தில் சுமார் 1 விழுக்காடே எக்ஸ்ரே ஆகிறது, மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டையும் கதிர்வீச்சையும் அடக்கவே எடை ஏறுகிறது. தலைக்கு மட்டுமான நடமாடும் சிடி உண்டு.

கே: விலை என்ன?

பழுது பார்ப்பது யார்? அதைக் கேளுங்கள்.

கே: என் ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பலாமா?

நான் பொறியாளர். டாக்டரிடம் காட்டுங்கள்.

கே: மங்கலான படத்தை ஏஐ தெளிவாக்கிவிடுமே?

தெளிவாக்கும். உண்மையாக்குமா? தரவு குறைந்த இடத்தை, பழகிய படங்களை வைத்து நிரப்புகிறது. அபூர்வமான நோயை வழவழவென்று மெழுகிவிடலாம்.

கே (அதே ஆள்): பெரிய இயந்திரத்திலும் ஏஐ உண்டே. அங்கே வராத சந்தேகம் இங்கே ஏன்?

அங்கே அளந்தது அதிகம், ஊகம் கொஞ்சம். இங்கே விகிதம் மாறுகிறது. ஏஐ தொடாத படத்தையும் பக்கத்தில் காட்டு என்பதுதான் என் கோரிக்கை.

கே (மறுபடியும்): கிளினிக்கில் அதை யார் படிப்பார்? ஸ்கேனே இல்லாததற்கு இது மேல்.

தொலைவில் உள்ள ரேடியாலஜிஸ்ட் படிப்பார். ஸ்கேன் இல்லையென்றால் டாக்டர் சந்தேகத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அழகான தப்புப் படம் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கே: விலை...

மேலே படியுங்கள்.

கே: மாணவர்கள் நாங்களே எம்ஆர்ஐ செய்யலாமா?

இன்று வந்த நல்ல கேள்வி! உகாண்டாவின் எம்பராரா பல்கலைக்கழகத்தில், நெதர்லாந்தின் லைடனில் வடிவமைத்த சின்ன எம்ஆர்ஐயை 2022இல் உதிரிகளாக வரவழைத்து அங்கேயே பூட்டினார்கள். பூட்டியவர்களுக்குக் கழற்றவும் தெரியும்; என் பழுதுக் கேள்விக்கு இதுதான் பதில். சிறு நியோடிமியம் காந்தங்களை ஹால்பாக் முறையில், அதாவது புலம் உள்பக்கம் சேரும்படி திசையைத் திருப்பித் திருப்பி, வளையமாக அடுக்குங்கள். விரல் பத்திரம். அறை 1 டிகிரி சூடானால் காந்தப்புலம் சுமார் 0.1 விழுக்காடு குறையும். அலைவரிசையும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னும் அதைச் சரிபாருங்கள்.